ஓட்டை விழாத இலை

மார்ச் 4

சம்பந்தியம்மாவுக்கு,

பூசணித் தோட்டத்து சம்பந்தி எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சௌக்கியம். உங்க பொண்ணு நல்லா சாப்பிடறா, நல்லா தூங்கறா. நேத்து என் வீட்டுக்காரரோட சீட்டு ஆடி ஜெயிச்சுட்டா. அவரு இன்னும் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்காரு.

போன் இருக்கும்போது இது என்ன புதுசா கடிதாசின்னு நினைப்பீங்க. எங்க வீட்ல சமையல்கட்டு ஜன்னல்ல நின்னாத்தான் போன் எடுக்கும். அங்க நின்னு பேசினா வீடே கேக்கும். நான் ரகசியம்னு நினைச்சுப் பேசினாலே பக்கத்துத் தோட்டத்து மாடு திரும்பிப் பாக்குது. சில விஷயம் நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்னுதான் எழுதறேன். நான் பள்ளிக்கூடம் போனவ இல்ல. பஸ் போர்டையும் உர மூட்டையையும் எழுத்துக் கூட்டிக் கூட்டி வந்த எழுத்து இது. பேசற மாதிரிதான் எழுத வரும். பதில மார்க்கெட்டு கமிஷன் கடைக்காரர் விலாசத்துக்குப் போடுங்க.

கல்யாணம் முடிஞ்சு நீங்க முதல் முதலா எங்க வீட்டுக்கு வந்தப்போ ஒரு தொட்டியில ஊதாப்பூக் கொடி கொண்டு வந்தீங்களே, அதப் பத்திதான். எவனோ கப்பல்காரன் எந்தத் துறைமுகத்துல இருந்தோ ஒடிச்சுட்டு வந்த கொம்புன்னு சொன்னீங்க. ஒரு இலையத் திருப்பிக் காட்டி, "பாருங்க சம்பந்தி, ஒரு ஓட்டை இருக்கா? ஒரு பூச்சி வாய் வைக்காது"ன்னீங்க. எங்க தோட்டத்துல அப்படி ஒரு இலைய நாங்க பாத்ததே இல்ல. வெண்டை இலையெல்லாம் சல்லடை. நான் வாயப் பொளந்துட்டு நின்னேன்.

சம்பந்தி வீட்டுப் பரிசாச்சே, தொட்டியில கெடந்தா மரியாதையா? துண்டு துண்டா வெட்டி, தோட்டத்தோட மண் கரை முழுக்க நட்டேன். ரெண்டு வருஷத்துல அது என்னமா வந்திருக்குங்கறீங்க! காய் ஏத்த வர்ற லாரிக்காரர் ரோட்டுலயே வண்டிய நிறுத்திட்டு போட்டோ எடுத்துக்கறாரு. பட்டாம்பூச்சின்னா அப்படி ஒரு கூட்டம். உங்க பொண்ணு காலையில எழுந்ததும் அதுக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் பல்லே தேய்க்கறா.

வேற ஒண்ணும் இல்ல. உங்க ஊர்ல இந்தக் கொடிய எப்படி அடக்கி வெச்சுக்கறாங்கன்னு கேக்கலாம்னு. சும்மாதான் கேக்கறேன். இந்தத் தடவ காய் கொஞ்சம் சரியா நிக்கல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இருந்தாலும் எழுதுங்க.

உங்க சம்பந்தி

---

மார்ச் 15

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளிச் சீருடை தைக்கும் சமயம் என்பதால் உடனே பதில் எழுத முடியவில்லை. கடை முழுவதும் நீலத் துணி மலைபோல் கிடக்கிறது.

அந்தக் கொடியை நான் கண்ணில் பட்டதென்று எடுத்து வரவில்லை. என் மகள் சிறுமியாக இருந்தபோது, துணி காயப்போடும் கொடியில் உலர்ந்த சட்டையில் ஒரு கம்பளிப்பூச்சி இருந்ததைக் கவனிக்காமல் மாட்டிவிட்டேன். கழுத்து, முதுகு எல்லாம் தடித்துவிட்டது. அன்றிலிருந்து இலை அசைந்தாலே ஓடுவாள். அவள் தோட்டத்து வீட்டில் வாழப் போகிறாள் என்றதும் எனக்கு வந்த முதல் பயம் மாமியார் அல்ல, புழு. அவள் புகுந்த வீட்டில் புழு வராத ஒரு மூலையாவது இருக்கட்டும் என்றுதான் கொண்டு வந்தேன்.

அடக்கி வைப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கடைவாசலில் சிமெண்ட் தரையில் ஒரு தொட்டியில் நிற்கிறது. அது எங்கே போகும், அதை நான் எதற்கு அடக்க வேண்டும்?

உங்கள் கடிதத்தில் சுற்று வழி அதிகம். நான் துணியை நேராக வெட்டிப் பழகியவள். "சும்மாதான் கேக்கறேன்" என்று வரும் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கடைசியில் ஜாக்கெட் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். என்ன குறை? கொடியிலா, என் மகளிடமா? நேராக எழுதுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி

---

மார்ச் 27

சம்பந்தியம்மாவுக்கு,

கமிஷன் கடைக்காரர் உங்க கடிதாசிய தராசுத் தட்டுல வெச்சு, மார்க்கெட்டே பாக்க நீட்டறாரு. "என்ன பூசணியக்கா, இந்த வயசுல யாரு உனக்கு ரகசியக் கடிதாசி போடறது?"ன்னாரு. "உன் பொண்டாட்டிதான். உன்னப் பத்திக் கோள் சொல்லி எழுதறா"ன்னேன். அதோட தக்காளிய எண்ணப் போயிட்டாரு.

உங்க பொண்ணுகிட்ட குறையா? என் வாய் அழுகிப் போயிடும். குறை கொடியிலதான். நேரா சொல்றேன். ஆனா எனக்கு நேரா சொல்றதுக்கும் கொஞ்சம் வளைஞ்சுதான் வரணும், பொறுத்துக்கோங்க.

தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கே அந்தக் கரை, அது முன்னாடி வெறும் மண்ணு. வெயில்ல காஞ்சு கெடக்கும். அதுல பென்சில் நுழையற மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல எறும்புப் புத்துன்னு நினைச்சு வெந்நீர் கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் ஓடி வந்து குண்டானப் பிடுங்கிட்டாரு. "ஏய், நம்ம ஆளுங்கள வேக வெச்சுடாதடி!"ன்னாரு. குனிஞ்சு பாத்தா ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு குட்டி மூஞ்சி. கறுப்புத் தேனீ. பெட்டித் தேனீ மாதிரி கூட்டுக் குடும்பம் கெடையாது. ஒவ்வொருத்திக்கும் தனி வீடு, தனி வாசல்.

அதுங்க வேலைய நீங்க பாக்கணுமே! பூசணிப்பூ வெளுக்கும்போதே மலரும், வெயில் ஏறினா சுருங்கிடும். அந்தச் சின்ன நேரத்துக்குள்ள ஆம்பளப்பூவுல போயி உருண்டு, உடம்பெல்லாம் மஞ்சப் பொடி பூசிக்கிட்டு, நேரா பொம்பளப்பூவுக்குள்ள விழும். அப்பத்தான் பிஞ்சு நிக்கும். வேலை முடிஞ்ச ஆம்பளத் தேனீ சிலது வீட்டுக்குப் போகாது. சுருங்கற பூவுக்குள்ளயே தூங்கிடும். என் வீட்டுக்காரருக்கு அதுங்க மேல தனிப் பிரியம்.

கரை ஓரமா ஒரு குத்துச்செடியும் இருந்துச்சு. கந்தல்செடின்னு கூப்பிடுவோம். ஒரு இலை முழுசா இருக்காது. எவ்வளவோ புழு, வண்டு, எல்லாத்துக்கும் அதுதான் சாப்பாட்டுக்கடை. நீங்க வர்றீங்கன்னு அதக்கூட நான் ஒட்ட வெட்டி விட்டேன், அசிங்கமா இருக்கேன்னு.

இப்ப உங்க கொடி கரை மேல மெத்த மாதிரி படுத்துக்கிச்சு. ஓட்டையெல்லாம் மூடிப் போச்சு. கந்தல்செடி அடியில எங்கயோ கெடக்கு. பட்டாம்பூச்சி கூட்டம்னு எழுதினேனே, அது பொய் இல்ல. ஆனா அதெல்லாம் கல்யாண வீட்டுக் கூட்டம். வரும், தேன் குடிக்கும், போயிடும். ஒண்ணும் முட்டை வெச்சுக் குடித்தனம் பண்ணல. இந்த ஊருப் புழுவோட பாட்டன் பூட்டன் யாரும் அந்த இலையத் தின்னதில்ல, இதுங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஒரு ஓட்டைகூட இல்லன்னு நீங்க பெருமையா காட்டின அதே இலை. நானும் பெருமையாத்தான் பாத்தேன். இப்ப பாத்தா, அவ்வளவு பெரிய கொடி, ஒருத்தருக்கும் ஒரு வாய் சோறு போடல.

பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுது. லாரி பாதி காலியாப் போகுது. நான் விடிய எழுந்து ஆம்பளப்பூவப் பறிச்சு, இதழக் கிள்ளிட்டு, பொம்பளப்பூவுல தேச்சு விடறேன். தோட்டம் பூரா எனக்குச் சம்பந்திங்க இப்ப. ஆனா குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப் போச்சு. அந்தத் தேனீங்க இத வருஷா வருஷம் எப்படித்தான் பண்ணுச்சுங்களோ, கையெடுத்துக் கும்பிடணும்.

கொடிய எடுத்துடலாமா? நீங்க சரின்னாத்தான். இந்த வருஷம் போனது போச்சு. ஜூலையில அடுத்த விதை போடறதுக்குள்ள கரை வெறும் மண்ணாகலன்னா பூசணிய விட்டுட்டு எங்கயாவது கூலிக்குத்தான் போகணும்.

உங்க சம்பந்தி

---

ஏப்ரல் 9

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. நான் கொடுத்த பரிசு உங்கள் தோட்டத்தை அழிக்கிறது என்று ஒருவர் எழுதினால் யாருக்குத்தான் வராது? என் கடைவாசல் கொடியைச் சுற்றி எப்போதும் தேனீக்கள் பறக்கின்றனவே, இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று பதில்கூட எழுதி வைத்துவிட்டேன். கோபத்தில் தைத்த தையலைப் பிரித்துத்தான் தைக்க வேண்டியிருக்கும். அதனால் அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

டீ குடிக்கும் நேரத்தில் ஸ்டூலை வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வாரம் அப்படிச் செய்தேன். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் விசாரித்தார்களாம். தேனீ வருகிறது, உண்மை. பட்டாம்பூச்சி வருகிறது. பூவில் உட்கார்கிறது, போகிறது. பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலையாகத் திருப்பினேன். முட்டை இல்லை, புழு இல்லை, பூச்சி கட்டிய நூல் ஒன்றுகூட இல்லை. கடை மூடியபின் துணி மாட்டாத பொம்மைகள் நிற்குமே, அந்த மாதிரி இருந்தது.

ஆகவே நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அது இப்போது என்னுடையது அல்ல, என் மகளுடையது. புழுவுக்குப் பயந்து வளர்ந்தவள். அந்தக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றித்தான் காலையைத் தொடங்குகிறாள் என்று நீங்களே எழுதினீர்கள். அது அவளுக்குப் பிறந்த வீட்டின் ஞாபகமாக இருக்கும். அதை அவள் கண்ணெதிரே பிடுங்க நான் எப்படிச் சரி என்று எழுதுவேன்? அவளிடம் கேளுங்கள். அவள் முகம் ஒரு துளி வாடினாலும் கொடி இருக்கட்டும், நானே வந்து பூவுக்குப் பூ தேய்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி

---

ஏப்ரல் 20

சம்பந்தியம்மாவுக்கு,

நானே வந்து தேய்ச்சுத் தர்றேன்னு எழுதினீங்களே, அந்த வரிய எத்தன தடவ படிச்சேன்னு தெரியல. தையல் மெஷின மிதிச்ச கால், சேத்துல இறங்கறேங்குது. இப்படி ஒருத்திகூடப் போயி சண்ட வருமோன்னு பயந்தேனே.

உங்க பொண்ணுகிட்ட கேட்டேன். எப்படிக் கேட்டேன்னு சொல்லணும். காலையில குடத்தோட கரைக்குப் போனா. நான் பின்னாலயே போயி, வெயில் ஜாஸ்தியாச்சுன்னு ஆரம்பிச்சு, எங்க சின்ன மாமியார் ஒரு தடவ பரிசா வந்த ஆட்ட வித்த கதையச் சொல்லி, அங்கேருந்து லாரி பஞ்சரான கதைக்கு வந்தேன். அவ குடத்த இறக்கி வெச்சுட்டா.

"அத்தே, இப்ப என்ன சொல்ல வர்றீங்க?"

"இல்லடி, இந்தக் கொடி..."

"ஏன், தண்ணி பத்தலயா? இன்னொரு குடம் ஊத்தவா?"

"உனக்கு இது ரொம்பப் பிடிக்குமில்ல?"

அவ என்னையே பாத்தா. "எனக்கா? உங்களுக்குப் பிடிக்கும்னுதான அத்தே நான் ஊத்தறேன்! கரை பூரா ஆசையா நட்டு வெச்சிருக்கீங்க, வர்றவங்ககிட்டயெல்லாம் காட்டறீங்க. வாடிப் போனா என்ன நினைப்பீங்களோன்னு பயந்து பயந்து ஊத்தறேன். குடம் தூக்கித் தூக்கி தோளு வலிக்குது."

அப்புறம் என்ன. நான் கரையில உக்காந்துட்டேன். அவளும் உக்காந்துட்டா. நீங்க அவளுக்காகக் கொண்டாந்தீங்க, நான் உங்களுக்காக நட்டேன், அவ எனக்காகத் தண்ணி ஊத்தினா. மரியாதைய ஊத்தி ஊத்தி வளத்திருக்கோம், சம்பந்தி! சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. என் வீட்டுக்காரர் வந்து பாத்துட்டு, ரெண்டு பேருக்கும் வெயில் தலைக்கேறிடுச்சுன்னு மோர் கரைக்கப் போயிட்டாரு.

அன்னிக்கே பிடுங்க ஆரம்பிச்சோம். ஆனா அது லேசுல விடுற சாமானா? மண்ணுல படற எடமெல்லாம் வேர். ஒரு துண்டு தவறினா அங்க ஒரு கொடி. பிடுங்கினதெல்லாம் பாறை மேல போட்டுக் காய வைக்கிறோம். இடுப்பொடிய வேலை செஞ்சும் கால்வாசிதான் ஆச்சு. எடுத்த எடத்துல மண்ணு ஈரமா, நாத்தமா இருக்கு. ஓட்டை ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் பட்டாம்பூச்சியும் வரல இப்ப. எனக்குள்ள ஒரு பயம். இருந்த அழகும் போயி, தேனீயும் திரும்பலன்னா? உங்க பரிசையும் கொன்னு, என் கரையையும் மொட்டையாக்கிட்டு நிப்பேனோ?

உங்க சம்பந்தி

---

மே 30

சம்பந்தியம்மாவுக்கு,

நீங்க ஊருக்குத் திரும்பிப் போயி பத்திரமா சேந்தீங்களா? எங்களோட சேந்து மீதிக் கொடிய வெட்டினதுல வந்த உள்ளங்கைக் கொப்புளம் ஆறிச்சா? மஞ்சப் பையில, மழுங்கிப் போன உங்க தையல் கத்தரியத் துணி சுத்தி என் மகன்கிட்ட குடுத்து விட்டிருக்கேன். சாணை பிடிக்கிறவர்கிட்ட குடுத்து, என்னால முடிஞ்சத பண்ணினேன்.

எனக்கு மறக்கவே முடியல. நாங்க அரிவாள வெச்சுக்கிட்டு முழிச்சுட்டு இருந்தோம். கரையோட அந்த முள்ளு மூலையில அரிவாள் வீச எடமில்ல, வீசினா கந்தல்செடி அடிக்கட்டையும் சேந்து போயிடும். நீங்க பைக்குள்ள கைய விட்டு அந்தப் பெரிய கத்தரிய எடுத்தீங்க. உங்க பொண்ணு "அம்மா!"ன்னு கத்தினா. எனக்கு விஷயம் தெரியல. அப்புறம்தான் சொன்னா. அந்தக் கத்தரியால ஒரு காகிதம் வெட்டக்கூட யாரையும் விட்டதில்லயாம். சின்னப் புள்ளையில பட்டம் செய்ய எடுத்துட்டு அடி வாங்கியிருக்காளாம்.

நீங்க பாட்டுக்கு முட்டி போட்டு உக்காந்து, கொடிய ஒவ்வொரு கணுவா, ஏதோ கல்யாணப் பட்ட வெட்டற மாதிரி வெட்டி எடுத்தீங்க. கந்தல்செடிக்கு ஒரு கீறல் விழல. எங்க பக்கத்துல அறுவடைக்குக் கை நேர்த்தின்னு பேரெடுத்தவங்க எத்தனையோ பேர பாத்திருக்கேன். அந்த மாதிரி ஒரு கைய நான் பாத்ததில்ல.

அந்தக் கட்டையில இப்ப துளிர் விட்டிருக்கு.

உங்க சம்பந்தி

---

ஜூன் 12

சம்பந்தி அவர்களுக்கு,

கத்தரி வந்து சேர்ந்தது. சாணைக்காரர் நன்றாகவே பிடித்திருக்கிறார். பட்டுக்கு ஆகாது, சீருடைக்குப் போதும். அதற்காக வருந்தி எழுதாதீர்கள்.

கடைவாசல் கொடியையும் எடுத்துவிட்டேன். என்னிடம் கொம்பு வாங்கிப்போன வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, தொட்டியைவிட்டு வெளியே போக விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் எனக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். வாசலில் தொட்டி வெறுமனே நிற்கிறது. டீ குடிக்கும்போது அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தேனீ வந்ததா? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி

---

செப்டம்பர் 18

சம்பந்தியம்மாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதலன்னு கோச்சுக்காதீங்க. நீங்க கேட்டதுக்குப் பதில் இல்லாம எப்படி எழுதறது? ஜூலையில விதை போட்டோம். அந்த ஊதாப்பூக் கொடி இன்னும் அங்கங்க தலை நீட்டுது. உங்க பொண்ணு தினம் ஒரு நடை போயி கிள்ளிட்டு வர்றா. கரை வெயில்ல காஞ்சு பழைய நெறத்துக்கு வந்துச்சு. ஆனா ஓட்டை விழல. பூசணி பூத்துச்சு. நான் பழையபடி குனிஞ்சு தேய்க்க ஆரம்பிச்சேன். மனசு விட்டுப் போயி, மார்க்கெட்ல காய் சுமக்கற வேலைக்குச் சொல்லி வெச்சுட்டேன்.

நாலு நாளைக்கு முன்னாடி காலையில உங்க பொண்ணு "அத்தே, சத்தம் போடாம வாங்க"ன்னு கூப்பிட்டா. சத்தம் போடாம வரச் சொல்லி அவ போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சு. கந்தல்செடி முன்னாடி முட்டி போட்டு உக்காந்திருக்கா. இலையில ஒரு பச்சப் புழு நெளியுது, அவ மூக்குக்கு ஒரு சாண் தூரத்துல. அவ அதப் பாக்கவே இல்ல. பக்கத்து இலைய பாத்துட்டு இருக்கா.

அங்க ஒரு தேனீ. பூசணித் தேனீ இல்ல, வேற ஜாதி, வயித்துல மயிரு. இலை விளிம்புல கால ஊனிக்கிட்டு, வாயாலயே வெட்டிக்கிட்டு சுத்தி வருது. ஒரு சுத்து. அவ்வளவுதான். துண்டு கழண்டுச்சு. அத வயித்துக்கடியில சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு, துணிக்கடையிலேருந்து போற பொம்பள மாதிரி பறந்துச்சு. புள்ளைக்குத் தொட்டில் கட்ட எடுத்துட்டுப் போகுது. எங்கன்னு தொடந்து போனோம். கரையில, வெறும் மண்ணுல, ஒரு ஓட்டைக்குள்ள நுழைஞ்சுது. அந்த ஓட்டைக்குப் பக்கத்துல இன்னொரு ஓட்டை. அதுல ஒரு கறுப்பு மூஞ்சி.

என் வீட்டுக்காரர் பாத்துட்டு, "வந்துட்டாங்கடி"ன்னாரு. அப்படியே திரும்பி நின்னுக்கிட்டாரு.

கூட்டமா வரல, சம்பந்தி. பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணு ரெண்டுதான். ஆனா கரை ஓரத்துப் பாத்தியில, நான் கை வைக்காத பூசணிக் கொடியில, ஒரு பிஞ்சு பச்சையா நிக்குது. மூடின கை மாதிரி திரண்டிருக்கு. மார்க்கெட்டுக்குப் போயி காய் சுமக்கற வேலை வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

தேனீ வெட்டின அந்த இலைய உங்க பொண்ணுதான் பறிச்சு, காயவிட்டு, இதுக்குள்ள வெச்சிருக்கா. அம்மா பாக்கணும்னா. பரிசுன்னு வெச்சுக்கோங்க. ஓட்டை இருக்கு.

உங்க சம்பந்தி

---

செப்டம்பர் 29

சம்பந்தி அவர்களுக்கு,

இலை உடையாமல் வந்து சேர்ந்தது.

வெட்டும் மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வைத்தேன். அந்த வெட்டுக்குள் ஒரு கோட்டுப் பொத்தானை வைத்துப் பார்த்தேன். விளிம்பு தவறாமல் பொருந்தியது. நான் சாக்கட்டியால் வட்டம் வரைந்துகொண்டுதான் வெட்டுவேன், அப்படியும் ஓரிடத்தில் கத்தரி தயங்கிய தடம் தெரியும். இதில் தடமே இல்லை. கோடும் போடாமல், அளவும் எடுக்காமல், பிடித்துக்கொடுக்க ஆளும் இல்லாமல், ஒரே வீச்சில். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்படி ஒரு தையல்காரியை இன்றுதான் பார்க்கிறேன்.

கடையில் இருந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "என்னக்கா, ஓட்டை இலையைப் போய்க் காட்டறீங்க?" என்றார்கள். "ஓட்டையைத்தான் காட்டறேன், பாருங்கடி" என்றேன்.

என் மகள் ஒரு புழுவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள் என்ற வரியை என் வீட்டுக்காரர் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

உங்கள் மகன் இந்தப் பக்கம் வரும்போது கந்தல்செடியில் ஒரு கொம்பு ஒடித்துக் கொடுத்தனுப்புங்கள். வாசலில் தொட்டி காலியாக இருக்கிறது. ஒட்ட வெட்டி அழகுபடுத்தி அனுப்பிவிடாதீர்கள். இருக்கிறபடியே, கந்தலாகவே வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி